கவ்வாத்துக் காசு

சும்மா வருகிற காசைக் கண்டால் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு முதலில் வருவது சந்தோஷமில்லை, பயம்தான். வராமல் என்ன செய்யும்? பரம்பரை பரம்பரையாக மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கூடையை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் ஒரு சல்லி கையில் விழுந்திருக்கிறது. அதிலும் பாதியை ஏதாவது பேர் சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சனத்தைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டி உட்காரவைத்து, மாதாமாதம் உங்கள் பேங்க் கணக்குக்குக் காசு வரும், ஆறு மாதத்துக்கு வரும், திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

சொன்னது யும்னா மிஸ். பலாங்கொடைப் பிள்ளை, ஏதோ ஒரு உதவி அமைப்பில் வேலை. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் ஆனைவிலை குதிரைவிலை விற்ற காலம் அது. ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு என்பதே மறந்துபோயிருந்தது. அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

பின்வரிசையில் குந்தியிருந்த இருளப்பன் கையைத் தூக்கினான்.

"மிஸ், காசு வாங்குனா என்னா செஞ்சு காட்டணும்?"

"ஒண்டும் காட்டத் தேவல்ல அண்ணே. உங்கட ஊட்டுக்கு எது தேவையோ அதச் செய்ங்க. அது உங்கட இஷ்டம்."

மடுவமே சிரித்தது. இஷ்டமாம்! தோட்டத்தில் யாரிடம் யார் எப்போது இஷ்டம் கேட்டிருக்கிறார்கள்? திருப்பிக் கட்டத் தேவையில்லை என்பதையாவது பாதிச் சனம் நம்பியது. ஒன்றும் காட்டத் தேவையில்லை என்பதை ஒருத்தரும் நம்பவில்லை. பெரிய தொரை வருகிறார் என்றால் முதல் நாளே தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு வெள்ளையடித்து, வடிகானை வெட்டி, கோழியைப் பிடித்து அடைத்துப் பழகிய சனம் அது. காசு கொடுத்தவர்கள் ஒருநாள் பார்க்க வராமலா இருப்பார்கள்? வந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டாமா?

ஆகவே முதல் மாதக் காசு வந்ததும் இருளப்பனின் லயத்தில் இருந்த ஜெயம்மா ஒரு ஆடு வாங்கினாள். கறுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை. அவளுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராமச்சந்திரன் கோழிக்குஞ்சு வாங்கினார். அவர் முன்னாள் கங்காணி, வாய் பெரிது. அந்தக் குஞ்சுகளை ஒரே வாரத்தில் கீரி கொண்டுபோய்விட்டது, அது வேறு கதை. இன்னும் சிலர் கூரைக்குத் தகரம் வாங்கினார்கள். யாரையும் நான் குறைசொல்லவில்லை. ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தகரத்தின் அருமை தெரியும்.

இருளப்பனும் ஒரு ஆடுதான் நினைத்து வைத்திருந்தான். மனைவி வெள்ளையம்மா என்ன நினைத்து வைத்திருந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, உப்புப் பார்க்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னாங்க, நம்ம மலையக் கவ்வாத்து வெட்டிப்புடுவோம்."

இருளப்பன் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டான்.

ஏன் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. தேயிலைச் செடியை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டி மொட்டையாக்குகிற வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பேர். வெட்டினால் கிழட்டுச் செடிக்கு மறுபடி இளமை வரும். வெட்டாமல் விட்டால் செடி ஓங்கி வளர்ந்து, கொழுந்து குறைந்து, இலையெல்லாம் முற்றி வெறும் காடாகிவிடும். இது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இருளப்பனுக்கு நன்றாகவே தெரியும்; அவனே ஒரு காலத்தில் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவன்தான்.

நட்டம் நட்டம் என்று மூக்கால் அழுத நிர்வாகம் சில வருஷத்துக்கு முன்னால் பழைய தேயிலை மலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்துவிட்டது. செடியை நீங்கள் பாருங்கள், கொழுந்தை எங்களுக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. அப்படித்தான் கூலிக்காரனாக இருந்த இருளப்பன் ஒரே நாளில் விவசாயி ஆனான். அவன் பங்குக்கு விழுந்த மலை, ஏற்கெனவே கவ்வாத்துக் காலம் தாண்டிப்போன மலை. வருஷத்துக்கு வருஷம் கொழுந்து குறைந்துகொண்டே வந்தது. முன்பு இரண்டு பேர் முதுகு வளையச் சுமந்து வந்த இடத்தில் இப்போது வெள்ளையம்மா ஒருத்தியே அரைக்கூடையோடு இறங்கி வந்தாள்.

வெட்ட வேண்டும் என்று தெரிந்தும் வெட்டவில்லை. ஏனென்றால் வெட்டிய செடியில் மூன்று மாதத்துக்குக் கொழுந்து கிடையாது. சில சமயம் அதற்கு மேலேயும் ஆகும். அந்த மூன்று மாதத்துக்கு எதைத் தின்பது? அரைக்கூடை என்றாலும் அன்றைக்கு அரிசி வருகிறதே. இப்படியே இன்றைக்கு, நாளைக்கு என்று அந்த ஏழைக் குடும்பம் செடியை உயிரோடு சாகடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மட்டுமில்லை, அந்த லயத்தில் மலை வாங்கிய எல்லோருடைய கதையும் அதுதான்.

"ஏ புள்ள, ஒனக்குப் பிஸ்ஸு கிஸ்ஸு புடிச்சிருச்சா?" என்றான் இருளப்பன். "சோறு போடுற செடிய வெட்டிப்புட்டு அப்புறம் என்னாத்தத் திங்கிறது, மண்ணையா?"

"இத்தன வருசமா நாம ஏன் வெட்டல? சொல்லுங்க. வெட்டத் தெரியாமலா?"

"சோத்துக்கு வழியில்லாமத்தான்."

"அந்தச் சோத்தத்தானேங்க இப்ப மிஸ் தருது."

இருளப்பன் வாயைத் திறந்தான். ரொட்டிதான் உள்ளே போனது. இவ்வளவு சின்ன விஷயம் தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

"வெட்டுனதுக்கப்புறம் வெயில் புடிச்சிருச்சின்னா? கிழட்டுச் செடி புள்ள. பட்டுப்போனாலும் போயிரும்."

"பட்டுப்போனா ஒரே தடவையில போகட்டும். இப்படிக் கொஞ்சங்கொஞ்சமா நம்மளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போக வேணாம்."

இதுதான் வெள்ளையம்மா. குரலை உயர்த்தமாட்டாள், முகத்தைச் சுளிக்கமாட்டாள். முடிவு செய்துவிட்டாள் என்றால் மலையைப் புரட்டினாலும் அவளைப் புரட்ட முடியாது. இருளப்பன் மறுநாளே கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சாணைக்கல்லில் தீட்ட உட்கார்ந்தான்.

வெட்டு நாலைந்து நாள் போனது. ஒவ்வொரு செடியிலும் மூச்சு விடுவதற்கென்று ஒரு கிளையை விட்டு, மற்றதையெல்லாம் சரிவாக, பட்டை கிழியாமல் வெட்டிக்கொண்டே போனான் இருளப்பன். முதல் நாள் வெட்டு தயங்கித் தயங்கி விழுந்தது. இரண்டாம் நாள் பழைய லாவகம் வந்துவிட்டது. பின்னாலேயே வெள்ளையம்மா வெட்டிய மிலாறைச் செடிகளுக்கு நடுவே பரப்பிக்கொண்டு வந்தாள். அந்தக் குச்சிகளை அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போகலாம் என்று ஆசைப்பட்டவர்களை அவள் கிட்டவே அண்டவிடவில்லை. ஈரத்தைப் பிடித்து வைக்க அது மலையிலேயே கிடக்க வேண்டும் என்றாள்.

லயமே ஏறி வந்து வேடிக்கை பார்த்தது. மேல்ரோட்டில் நின்றுகொண்டு ராமச்சந்திரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா! காசு வந்த மெதப்புல அடிமடியிலயே கைய வச்சிட்டீங்களேடா! நாளைக்கு மிஸ் வந்து என்னா செஞ்சீங்கன்னு கேட்டா எதக் காட்டுவே? இந்த மொட்டையையா?"

கொழுந்து லொறியில் நிறுக்க வரும் சுதாகரனும் தன் பங்குக்கு ஒரு போடு போட்டான். "இருளண்ணே, இனிமே உங்க ரோட்டு முடக்குல லொறி நிப்பாட்டத் தேவையில்லதானே? டீசல் மிச்சம்!" என்று சிரித்துக்கொண்டு போனான். இருளப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளையம்மா காதில் விழாத மாதிரி மிலாறைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

அவன் பயந்த மாதிரியே வெயில் பிடித்தது. வர வேண்டிய மழை வரவில்லை. மொட்டைச் செடிகள் சாம்பல் நிறத்தில் நின்றன. இருளப்பன் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஏறிப்போய்க் கிளைகளை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் இறங்கி வந்து சாப்பிடுவான். சந்தேகமாக இருந்தால் சாப்பாடு இறங்காது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் யாராவது கூலிவேலைக்குக் கூப்பிட்டால் போவான், அங்கேயும் நினைப்பெல்லாம் செடியில்தான். வெள்ளையம்மாவோ மாதாமாதம் வந்த காசில் அரிசியும் பருப்பும் கருவாடும் வாங்கி, வீட்டில் மூன்று பேருக்கும் நேரத்துக்குச் சோறு போட்டாள். ஓ.எல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் துஷ்யந்தியின் கன்னம் முதன்முறையாக உப்பிக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கிறபோது இருளப்பனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, களவு செய்த மாதிரியும் இருந்தது. மாதம் மாதம் காசு வருகிறது, வருகிற காசெல்லாம் வயிற்றுக்குள் போகிறது, காட்டுவதற்கு ஒரு கோழிமுட்டைகூட இல்லை.

அப்போதுதான் யும்னா மிஸ் வீடுவீடாக வரப்போகிறாள் என்று செய்தி வந்தது.

லயம் கலங்கிவிட்டது. ஒன்றும் காட்டாதவர்களுக்கு மிச்ச மாதக் காசு நின்றுபோகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் கிளப்பியது என்று கேட்டால் எல்லோரும் ராமச்சந்திரனைக் கையைக் காட்டினார்கள், ராமச்சந்திரன் வானத்தைக் காட்டினார். இருளப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இப்போது காசு நின்றால் என்ன ஆகும்? மலையிலும் கொழுந்து இல்லை, கையிலும் காசு இல்லை. நடுக்கிணற்றில் கயிறு அறுந்த நிலைதான்.

வெள்ளையம்மாவிடம் சொல்லாமல் அவன் ஜெயம்மாவிடம் போனான். அவள் ஆட்டை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் கேட்டான்.

"அனே அண்ணே, நீங்களுமா?" என்று ஜெயம்மா சிரித்தாள். "ராமச்சந்திரன் மாமா இப்பத்தான் கேட்டுட்டுப் போறாரு. அவரு கோழிக்குப் பதிலா ஆடுன்னு சொல்லப்போறாராம். மிஸ் மொதல்ல எங்க ஊட்டுக்கு வரும். பாத்துட்டு வெளிய போனதும் பின்பக்கமா அவரு இழுத்துக்கிட்டுப் போவாரு. அவரு ஊட்ட விட்டு எறங்குனதும் நீங்க புடிச்சிக்கங்க."

அப்படியே நடந்தது. யும்னா மிஸ் லயத்தின் முன்பக்கம் நடந்தாள், ஆடு பின்பக்கம் நடந்தது. ராமச்சந்திரன் வீட்டிலிருந்து மிஸ் வெளியே வந்தபோது, இருளப்பன் கானைத் தாண்டி ஆட்டைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடி, தன் வாசலில் கட்டிவிட்டு, மூச்சிரைக்க நின்றான். அந்த ஆட்டுக்கும் மூச்சிரைத்தது.

மிஸ் வந்தாள். ஆட்டைப் பார்த்தாள். அந்த வெள்ளைக் காதைப் பார்த்தாள். இருளப்பனைப் பார்த்தாள்.

"இந்த ஆடு எனக்கு முன்னால ஊட்டுக்கு ஊடு வந்து நிக்கிதே அண்ணே. இவருக்கும் எங்கட ஒபிஸ்ல வேல குடுத்தீக்கா?"

பக்கத்துக் காம்பராக்களில் கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருளப்பனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து வெள்ளையம்மா இறங்கி வந்தாள். ஆட்டைக் கண்டாள், புருஷன் முகத்தைக் கண்டாள், எல்லாம் விளங்கிவிட்டது. அவனை ஒரு பார்வை பார்த்தாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மிஸ், அது எங்க ஆடில்லீங்க," என்றாள். "எங்ககிட்ட ஆடும் இல்ல, மாடும் இல்ல. நீங்க குடுத்த காச நாங்க தின்னுட்டோம்."

லயத்தில் சிரிப்பு நின்றது. வாங்கிய காசைத் தின்றுவிட்டோம் என்று கொடுத்தவர் முகத்துக்கு நேரே யாராவது சொல்வார்களா?

"வாங்க, காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா முன்னால் நடந்தாள். மிஸ் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். இருளப்பனும் போனான். கூப்பிடாமலேயே பாதி லயம் போனது.

மேலே மொட்டைச் செடிகள் வரிசை வரிசையாக நின்றன. மூச்சுக்கு விட்ட ஒற்றைக் கிளையில் வாடிய நாலு இலை, அவ்வளவுதான். மிஸ் திகைத்துப்போய் நின்றாள்.

"இது என்னா அக்கா? ஏன் எல்லாத்தயும் வெட்டீக்கி?"

"இந்தச் செடிதான் மிஸ் இத்தன வருசமா எங்களுக்குச் சோறு போட்டுச்சு. ஒரு நாளு ஓயல. ஓயவும் நாங்க விடல. ஒரு மூணு மாசம் நீ படுத்துக்க, சோத்த நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோம்னு இதுக்கிட்டச் சொல்றதுக்கு எங்க கையில ஒன்னும் இல்லாம இருந்துச்சு. நீங்க குடுத்தீங்க. நாங்க அதத் தின்னுக்கிட்டு இதப் படுக்க விட்டுட்டோம். அவ்வளவுதான்."

"மொளைக்குமா அக்கா?"

"தெரியாது மிஸ். மழ வரணும். மொளைக்கலைன்னா எங்க பாடு அவ்வளவுதான்."

யும்னா மிஸ் குனிந்து ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததா, வெயிலா, இருளப்பனுக்குத் தெரியவில்லை. "காசு நிக்காது அக்கா. ஆறு மாசமும் வரும். நான் மொத நாளே சொன்னேன்தானே, ஒண்டும் காட்டத் தேவல்லண்டு. ஒருத்தரும் நம்பல்ல," என்றாள். பிறகு இருளப்பன் பக்கம் திரும்பி, "அண்ணே, இனி ஆட்ட இழுத்துக்கிட்டு ஓட வேணாம். பாவம் அது," என்றாள். இந்த முறை இருளப்பனும் சேர்ந்து சிரித்தான்.

அன்றைக்கு இறங்கி வருகிறபோது வெள்ளையம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான் அவன். இவள் என் பொண்டாட்டி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படிச் சொல்லிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிறைந்திருந்தது.

மழை அதற்குப் பிறகு ஒரு வழியாக வந்தது. பிந்தி வந்தாலும் வஞ்சகமில்லாமல் பெய்தது. ஒரு காலையில் இருளப்பன் வழக்கம்போல நகத்தால் சுரண்டப் போனான், சுரண்டத் தேவையிருக்கவில்லை. வெட்டிய கிளைகளின் கணுவெல்லாம் அரிசி அரிசியாக மொட்டுக் கட்டியிருந்தது. "ஏ புள்ள! ஏ வெள்ளையம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து லயமே ஓடி வந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் செடிக்கு உரம் வேண்டுமே. கவ்வாத்து வெட்டிய செடிக்கு உரம் போடாவிட்டால் வந்த துளிர் வாடி நிற்கும். அப்போது உரம் விற்ற விலை ஊருக்கே தெரியும். வெள்ளையம்மா ஐந்தாம் மாதக் காசில் பெரும்பகுதியை உரத்துக்கே கொடுத்துவிட்டாள். மிச்சத்தை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தாள். சமாளிக்க முடியவில்லை. விடாமல் மழை பெய்ததால் இருளப்பனுக்குக் கூலிவேலையும் கிடைக்கவில்லை. ஆறாம் மாதக் காசு வர இன்னும் நாள் கிடந்தது, அரிசிப் பானை காலி. அவித்த பலாக்காயும் வெறுந்தேத்தண்ணியுமாக ஓடியது. பிறகு பலாக்காயும் முடிந்தது. அன்று இரவு துஷ்யந்தி பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். பொய் என்று அப்பனுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

மேலே மலையிலோ ஒரு சாண் உயரத்துக்குக் குளுகுளுவென்று கொழுந்து நின்றது. கொழுந்து விலையும் ஏறியிருந்தது. சுதாகரன் லொறியை அந்த முடக்கில் நிறுத்தி, எட்டிப் பார்த்து, "இருளண்ணே, தங்கமாட்டம் நிக்குது. பறிச்சிப் போடுங்க, இன்னைக்கே காசு," என்று ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தான். பறிக்கலாம்தான். ஆனால் செடி தட்டுப்போலப் பக்கமெல்லாம் படர்ந்து ஒரே மட்டம் பிடிக்கும் முன்னால் கைவைத்தால், வெட்டியது, பட்டினி கிடந்தது, உரம் போட்டது எல்லாம் வீண். செடி அந்த உயரத்திலேயே அடங்கிப்போகும். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

விடிந்தும் விடியாத நேரத்தில் இருளப்பன் எழுந்தான். வெள்ளையம்மாவின் பாய் காலியாக இருந்தது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தான். அதுவும் நல்லதுதான். அவள் கண்ணில் படாமல் ஒரு சாக்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறினான். ஓரத்தில் நாலு செடியில், ஒரே ஒரு கிலோ, பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். தன் மலையில் தானே களவெடுக்கப் போகிறவன் மாதிரி குனிந்து குனிந்து போனான்.

பனிமூட்டத்துக்குள் யாரோ நிற்பது தெரிந்தது. முதுகில் கூடை. ஒரு கை கொழுந்துக்கு மேலே நீண்டு, தொடாமல் அப்படியே நின்றது.

"யாரது?"

வெள்ளையம்மா திரும்பினாள். அவன் அக்குளில் இருந்த சாக்கைப் பார்த்தாள்.

"நீங்களுமா?" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். வெள்ளையம்மா அழுது இருளப்பன் பார்த்ததில்லை. செடியெல்லாம் மொட்டையாக நின்றபோதும் அழாதவள், ஊரே பைத்தியம் என்றபோதும் அழாதவள். "புள்ள பொய் சொல்லுதுங்க. தாங்க முடியல. வந்ததுலருந்து கைய நீட்டுறேன், கிள்ள மனசு வரல. கிள்ளாமப் போகவும் மனசு வரல. கூட்டிக்கிட்டுப் போயிருங்க என்னைய."

அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது இருளப்பனுக்கு. இவளுக்கும் பயம் உண்டு, இத்தனை நாளும் அதை ஒருத்தருக்கும் காட்டாமல் இவள் தன்னந்தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. கூடையை அவள் முதுகிலிருந்து கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"எந்திரி. போவோம். யாருகிட்டயாவது நான் கேக்குறேன். கேக்குறதுல கொறஞ்சி போயிர மாட்டேன்."

அப்போது மேல்ரோட்டிலிருந்து ஒரு அதட்டல் கேட்டது. "ஏய்! எவன்டா அது செடிக்குள்ள? கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்!"

ராமச்சந்திரன்தான். கையில் தடியோடு சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தவர், இவர்களைக் கண்டதும் அசடு வழிய நின்றார். கள்வன் என்று நினைத்துவிட்டாராம். இந்த நேரத்தில் இவர் எதற்கு இங்கே என்று இருளப்பன் கேட்டான்.

"சும்மாதான்," என்று மனிதர் தலையைச் சொறிந்தார். "காலையில எந்திரிச்சதும் ஒரு தடவ பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு மனசு ஆறுது. எப்புடி வருதுன்னு பாக்குறதுக்குத்தான்." பிறகு சாக்கைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தடியைக் கீழே போட்டார். "தங்கச்சி, எந்திரிம்மா. எங்க ஊட்டுல அரிசி இருக்கு. காசு வந்ததும் குடு, குடுக்காட்டியும் போ. ஆனா இந்தச் செடியில மட்டும் இப்பக் கைய வச்சிறாதீங்க. நான் பாக்க வேணாமா இது எப்புடி வருதுன்னு?"

அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு வெந்தது. ஜெயம்மா வீட்டிலிருந்து தொட்டுக்கொள்ள ஒரு சிரட்டை கட்டச்சம்பலும் வந்தது. ஆறாம் மாதக் காசும் பிறகு வந்து சேர்ந்தது, யும்னா மிஸ் சொன்ன சொல் தவறவில்லை. மட்டம் பிடித்த பிறகு முதல் கொழுந்து எடுத்த நாளில் வெள்ளையம்மா கூடையை நிரப்பி, துஷ்யந்தி சாக்கை நிரப்பி, இருளப்பன் இரண்டு தடவை சுமந்து இறக்கினான். தராசுத் தட்டைப் பார்த்துவிட்டு சுதாகரன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு அது பெரிய தண்டனை.

அதற்கு மறுவருஷம் யும்னா மிஸ் வரவில்லை. காசும் வரவில்லை, உதவி வேறு எங்கோ வேறு யாருக்கோ போயிருக்கும், போகட்டும், அவர்களுக்கும் பசிக்கும்தானே. ஆனால் மழைக்காலம் தொடங்கியதும் இருளப்பனின் மலையில் கத்திச் சத்தம் கேட்டது. கீழ்க் கோடியில் கால்பங்குச் செடிகளை மட்டும் பிரித்து வைத்து அவன் வெட்டிக்கொண்டிருந்தான். முன் வருஷம் வெட்டிய செடிகளைப் போய் இவ்வளவு சீக்கிரம் ஏன் வெட்டுகிறான் என்று ராமச்சந்திரனுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்துவிட்டார்.

"ஏண்டா, இன்னும் காலம் இருக்கேடா!"

"எல்லாம் ஒரே நாள்ள கெழடு தட்டுனா மறுபடியும் எல்லாத்தயும் ஒன்னா வெட்டணுமேண்ணே," என்றான் இருளப்பன். "வருசத்துக்குக் கால்பங்கு. இவ போட்ட கணக்கு."

ராமச்சந்திரன் மிலாறு பரப்பிக்கொண்டிருந்த வெள்ளையம்மாவிடம் திரும்பினார். "அது சரி தங்கச்சி. போன தடவ மிஸ்ஸு சோறு போட்டுச்சு. இந்தத் தடவ இது படுத்துக் கெடக்குறப்ப யாரு போடுவா?"

வெள்ளையம்மா நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே கையைக் காட்டினாள். உச்சி வரைக்கும் பச்சையாக நின்றது.

"அந்தா, மிச்ச முக்காப்பங்கு நிக்குதில்ல அண்ணே. அது போடும்."